பிரீடவுன் நகரின் சூடான இரவுகளை உங்கள் கம்ப்யூட்டரில் எண்ணுவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பாட்டு கேட்கிறோம், படம் பார்க்கிறோம், மெயில் அனுப்புகிறோம். எக்ஸெல் என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. அதில் வீட்டுக் கணக்கைத் தவிர வேறு எதைப் போடுவது?" என்பார்கள். இந்த மாதப் பாடம் அவர்களுக்காகத்தான். முப்பது ஆண்டு வெப்பநிலைத் தகவலை இலவசமாக டவுன்லோட் செய்து, எக்ஸெலில் திறந்து, வரிசைப்படுத்தி, பில்டர் செய்து, அதிலிருந்து ஒரு முடிவுக்கு வரப் போகிறோம். பார்முலா எதுவும் டைப் செய்ய வேண்டியதில்லை. மவுஸ் போதும்.

எடுத்துக்காட்டாக நான் எடுத்துக்கொண்டிருப்பது மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோன் நாட்டின் தலைநகரான பிரீடவுன். காரணம் இருக்கிறது. 2021 அக்டோபரில் இந்த நகரம் வெப்பத்தைக் கவனிப்பதற்கென்றே ஓர் அதிகாரியை நியமித்தது. ஆப்பிரிக்காவிலேயே இப்படிப்பட்ட பதவிக்கு வந்த முதல் நபர் யூஜினியா கார்க்போ. 2018ல் மேயரான இவான் அகி சாயர் இந்தப் பதவியை உருவாக்கினார். மாநகராட்சியில் குடிநீருக்கு அதிகாரி உண்டு, குப்பைக்கு அதிகாரி உண்டு. வெயிலுக்கு எதற்கு அதிகாரி? பாடத்தின் முடிவில் இதற்கு உங்களுக்கே விடை கிடைத்துவிடும்.

கணக்கில் வராத சாவுகள்

முதலில் ஒரு எண்ணைப் பாருங்கள். உலகில் நடக்கும் பேரிடர்களைத் தொகுத்து வைக்கும் எம்டாட் என்ற டேட்டாபேஸ் உள்ளது. 2020ல் லூக் ஹாரிங்டன், பிரெடரிக் ஓட்டோ என்ற இரு விஞ்ஞானிகள் அதை ஆராய்ந்தார்கள். சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்கா முழுவதற்கும், 20ம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பதிவாகியிருந்த வெப்ப அலைகள் இரண்டே இரண்டு. அவற்றில் இறந்ததாகக் காட்டப்பட்டவர்கள் 71 பேர். ஐரோப்பாவுக்கோ 40 ஆண்டுகளில் 83 வெப்ப அலைகள் பதிவாகியிருந்தன.

ஆப்பிரிக்காவில் வெயில் குறைவு என்பதா இதற்குப் பொருள்? இல்லை. அளக்கும் நிலையங்கள் குறைவு. வெயிலால் இறந்தவரை "காய்ச்சல்", "மாரடைப்பு" என்று எழுதிவிடுவார்கள், அல்லது எழுதவே மாட்டார்கள். பதிவு இல்லாத இடத்தில் பிரச்னையே இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்லும். அது கம்ப்யூட்டரின் தவறு அல்ல.

பதிவேடு ஒழுங்காக இருந்தால் என்ன தெரியும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2024 ஏப்ரல் 3ம் தேதி மாலி நாட்டின் கேய்ஸ் நகரில் வெப்பம் 48.5 டிகிரி செல்சியஸைத் தொட்டது. தலைநகர் பமாகோவில் உள்ள கேப்ரியல் தூரே மருத்துவமனை, அந்த மாதத்தின் முதல் நான்கு நாட்களில் மட்டும் 102 பேர் இறந்ததாக அறிவித்தது. முந்தைய ஆண்டில் ஏப்ரல் மாதம் முழுவதற்கும் அங்கே பதிவான சாவுகள் 130. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடிந்ததால்தான் நடந்தது என்ன என்று வெளியே தெரிந்தது.

தகவல் எங்கே கிடைக்கும்?

அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசா, "பவர்" என்ற பெயரில் ஒரு தளத்தை நடத்துகிறது. பூமியின் எந்தப் புள்ளிக்கும் 1981 முதல் நாள்வாரி வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, மழை ஆகியவற்றை இதில் பெறலாம். கட்டணம் இல்லை. சர்ச் இன்ஜினில் "நாசா பவர் டேட்டா ஆக்சஸ் வியூவர்" என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டவும். கிடைக்கும் முடிவுகளில் நாசாவின் தளத்தைத் திறந்தால் உலகப் படம் ஒன்று தெரியும்.

எல்லா இடத்திலும் நாசா தெர்மாமீட்டர் வைத்திருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. சாட்டிலைட், கப்பல், விமானம், பலூன், வானிலை நிலையம் என்று கிடைக்கும் அளவுகளை எல்லாம் ஒரு பெரிய கம்ப்யூட்டர் மாடலில் செலுத்தி, இடையில் உள்ள வெற்றிடங்களை இயற்பியல் விதிகளின்படி கணக்கிட்டு நிரப்புகிறார்கள். அதாவது இது நேரடி அளவு அல்ல, கணக்கிட்ட அளவு. இதை மறக்க வேண்டாம். பின்னால் தேவைப்படும்.

டவுன்லோட் செய்திடும் வழி

தளத்தில் கட்டங்களின் வரிசை அவ்வப்போது மாறலாம். ஆனால் கேட்கப்படும் விவரங்கள் இவைதான்:

1. எந்தப் பிரிவினருக்கான தகவல் என்ற கட்டத்தில் "அக்ரோ கிளைமடாலஜி" என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

2. கால இடைவெளியில் "டெய்லி" என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

3. அட்சரேகை என்ற இடத்தில் 8.48 என்றும், தீர்க்கரேகை என்ற இடத்தில் -13.23 என்றும் டைப் செய்திடவும்.

4. தொடக்கத் தேதி 1991 ஜனவரி 1. முடிவுத் தேதி 2020 டிசம்பர் 31.

5. பைல் பார்மட் "சிஎஸ்வி" என இருக்கட்டும்.

6. தகவல் பட்டியலில் மூன்றை மட்டும் டிக் செய்திடவும்: தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் அதிகபட்ச வெப்பநிலை, அதே உயரத்தில் குறைந்தபட்ச வெப்பநிலை, ஈரப்பதம்.

7. சப்மிட் பட்டனைக் கிளிக் செய்து, தயாராகும் பைலை உங்கள் டாக்குமெண்ட்ஸ் போல்டரில் சேவ் செய்திடவும்.

மூன்றாவது படியில் உள்ள மைனஸ் குறியைக் கவனித்தீர்களா? முதல் முறை நான் கவனிக்கவில்லை. 13.23 என்று மட்டும் கொடுத்துவிட்டேன். வந்த பைலில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெப்பம் 40 டிகிரியை ஒட்டி நின்றது. "அடேயப்பா, பிரீடவுன் இப்படிக் கொதிக்கிறதா!" என்று ஒரு மாலைப் பொழுது முழுவதும் அந்த எண்களை வைத்துக் கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டேன். கடலோர ஊரில் காற்று இவ்வளவு காய்ந்திருக்குமா என்று ஈரப்பதத்தைப் பார்த்தபோதுதான் சந்தேகம் வந்தது. படத்தைப் பார்த்தால், நான் நிற்பது வடக்கு கேமரூனில்! கிரீன்விச் கோட்டுக்கு மேற்கே உள்ள ஊர்களுக்குத் தீர்க்கரேகையில் மைனஸ் போட வேண்டும். ஒரு சின்னக் கோடு விட்டுப் போனதில் ஊர் சுமார் 2,900 கி.மீ. தள்ளிப் போய்விட்டது. எழுதியதை எல்லாம் அழித்தேன். டவுன்லோட் செய்வதற்கு முன்னால் படத்தில் குறி எங்கே விழுந்திருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள். ஒரு நிமிட வேலைதான்.

எக்ஸெலில் திறந்து சுத்தம் செய்தல்

பைலை எக்ஸெலில் திறக்கவும். எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபிஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமை இலவசமாகப் பெற்றுப் பயன்படுத்தலாம். மெனுக்களின் பெயர் சற்று மாறும், வேலை ஒன்றுதான்.

திறந்தவுடன் பைல் மெனுவில் சேவ் அஸ் கொடுத்து எக்ஸெல் பைலாக வேறு பெயரில் சேமிக்கவும். டவுன்லோட் செய்த ஒரிஜினலைத் தொட வேண்டாம். எங்கேயாவது தவறினால் திரும்பிப் போக அது வேண்டும்.

ஷீட்டின் உச்சியில் சில வரிகளில் ஆங்கிலத்தில் விளக்கம் இருக்கும். எந்த இடம், எந்தத் தேதி, எந்த அளவு என்பதெல்லாம் அதில்தான் உள்ளது. ஒருமுறை படித்துவிட்டு, அந்த வரிகளை மட்டும் செலக்ட் செய்து, ரைட் கிளிக் செய்து டெலீட் கொடுக்கவும். இப்போது முதல் வரியில் தலைப்புகளும், இரண்டாவது வரியிலிருந்து தகவலும் இருக்கும். வருடம், மாதம், நாள் என்று தனித்தனி நெடுவரிசைகள் தெரியும். சில நேரம் மாதம், நாள் இரண்டுக்கும் பதிலாக ஆண்டின் எத்தனையாவது நாள் என்ற ஒரே நெடுவரிசை வரும். பயப்பட வேண்டாம், நம் கணக்குக்கு வருடம் இருந்தால் போதும்.

கன்ட்ரோல் கீயுடன் எண்ட் கீயை அழுத்திக் கடைசி வரிக்குச் செல்லுங்கள். 30 ஆண்டுகள், அவற்றில் 8 லீப் ஆண்டுகள். ஆக 10,958 நாட்கள். தலைப்பு வரியுடன் சேர்த்துக் கடைசி வரியின் எண் 10,959 ஆக இருக்க வேண்டும். இருந்தால் பைல் முழுமையாக வந்திருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. தகவல் கிடைக்காத நாளுக்கு இந்தத் தளம் -999 என்ற எண்ணைப் போட்டுவிடும். இதைக் கவனிக்காமல் சராசரி எடுத்தால், பிரீடவுனில் பனி பெய்கிறது என்றுகூட எக்ஸெல் சொல்லும். கன்ட்ரோல் கீயுடன் எப் கீயை அழுத்தி -999 எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிடவும்.

எந்த நாளை "சூடான நாள்" என்பது?

இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். 40 டிகிரியைத் தாண்டினால்தான் வெப்பம் என்று ஓர் எல்லையை வைத்துக்கொண்டால், சரியான பிரீடவுன் பைலைப் பார்த்துவிட்டு "இங்கே ஒரு பிரச்னையும் இல்லையே" என்று மூடிவிடுவோம். எண்கள் 30ஐ ஒட்டியே நடமாடும். ஆனால் இது கடலோர ஊர். காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஈரக்காற்றில் வியர்வை காயாது. அமெரிக்க வானிலைத் துறையின் வெப்பக் குறியீட்டு அட்டவணையைப் பாருங்கள்: வெப்பம் 32 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் உடம்பு உணர்வது சுமார் 41 டிகிரி.

இந்த அட்டவணையை நம் பைலுடன் சேர்க்கும்போது ஒரு தவறு செய்துவிடக் கூடாது. பைலில் உள்ள ஈரப்பதம் 24 மணி நேரச் சராசரி. அதிகபட்ச வெப்பமோ பிற்பகலில் வருவது. அந்த நேரத்தில் ஈரப்பதம் சராசரியைவிடக் குறைவாக இருக்கும். இரண்டையும் அப்படியே சேர்த்தால் உண்மையைவிட அதிகமான எண் கிடைக்கும். ஆகவே இந்தப் பாடத்தில் நான் வேறு வழி எடுத்திருக்கிறேன். பகலை விட்டுவிட்டு இரவை எண்ணுவோம்.

ஏன் இரவு? பகலெல்லாம் சூட்டைத் தாங்கிய உடம்பு இரவில்தான் மீள்கிறது. இரவும் குளிராவிட்டால் மறுநாள் சோர்வுடனே தொடங்கும். குறைந்தபட்ச வெப்பநிலை பெரும்பாலும் விடியலுக்கு முன் பதிவாவது. ஆகவே இரவு எவ்வளவு ஆறியது என்பதை அது காட்டும். எல்லையையும் நாமே கற்பனையாக வைக்காமல், அந்த ஊரின் 30 ஆண்டு இரவுகளிலேயே சூடான பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வோம். ஊருக்கு ஊர் பொருந்தும் அளவுகோல் இதுவே.

சூடான இரவுகளை எண்ணுதல்

1. ஷீட்டின் கீழே உள்ள டேபில் ரைட் கிளிக் செய்து "மூவ் ஆர் காப்பி" மூலம் ஒரு பிரதி எடுக்கவும். இனி பிரதியில்தான் வேலை.

2. தகவல் உள்ள ஏதாவது ஒரு செல்லில் கிளிக் செய்து, டேட்டா மெனுவில் "சார்ட்" என்பதைத் தேர்ந்தெடுக்கவும். கிடைக்கும் விண்டோவில் குறைந்தபட்ச வெப்பநிலை நெடுவரிசையையும், "லார்ஜஸ்ட் டு ஸ்மாலஸ்ட்" என்பதையும் தேர்வு செய்து ஓகே கொடுக்கவும். மிகச் சூடான இரவு உச்சிக்கு வந்துவிடும்.

3. 10,958ல் பத்தில் ஒரு பங்கு 1,096. தலைப்பு வரியையும் சேர்த்தால் 1,097வது வரி வரை நமக்கு வேண்டும். 1,098 என்ற வரி எண்ணின் மீது கிளிக் செய்து, கன்ட்ரோல், ஷிப்ட் கீகளுடன் கீழ்நோக்கு அம்புக் கீயை அழுத்தவும். மீதி வரிகள் எல்லாம் செலக்ட் ஆகும். ரைட் கிளிக் செய்து டெலீட் கொடுக்கவும்.

4. டேட்டா மெனுவில் "பில்டர்" கிளிக் செய்திடவும். தலைப்புகளில் சிறிய அம்புகள் தோன்றும். வருட நெடுவரிசையின் அம்பில் கிளிக் செய்து "நம்பர் பில்டர்ஸ்", "பிட்வீன்" சென்று 1991, 2000 எனக் கொடுக்கவும்.

5. விண்டோவின் அடியில் உள்ள ஸ்டேட்டஸ் பாரைப் பாருங்கள். 1,096ல் எத்தனை வரிகள் கிடைத்தன என்று அங்கே காட்டப்படும். தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இதே போல 2001-2010, 2011-2020 என மாற்றி மற்ற இரண்டு எண்களையும் எடுங்கள்.

காலநிலை மாறவே இல்லை என்றால் ஒவ்வொரு பத்தாண்டிலும் சுமார் 365 சூடான இரவுகள் வர வேண்டும். 1,096ஐ மூன்றால் வகுத்தால் அதுதானே வரும்? உங்களுக்குக் கிடைத்த மூன்று எண்கள் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். நான் விடையைச் சொல்லப் போவதில்லை. அதை நீங்களே கண்டுபிடிப்பதில்தான் இந்தப் பாடத்தின் ருசி இருக்கிறது. ஒரே ஓர் ஆண்டில் எண் எகிறியிருந்தால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். 1998, 2016 போன்றவை எல் நினோவின் தாக்கத்தால் உலகமே சூடாக இருந்த ஆண்டுகள். பத்தாண்டுகளாகச் சேர்த்துப் பார்ப்பது அதற்காகத்தான்.

ஒரே எண், இரண்டு தெருக்கள்

அடுத்து ஒரு சோதனை செய்தேன். பிரீடவுனில் க்ரூ பே என்ற பகுதி கடற்கரையை ஒட்டி இருக்கிறது. நெருக்கமான தகர வீடுகள். அந்த ஊர் க்ரியோ மொழியில் இவற்றைப் "பான் பாடி" என்பார்கள். ஹில் ஸ்டேஷன் என்பது மேட்டுப் பகுதி. 20ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய அதிகாரிகள் மலேரியாவுக்குத் தப்பிக் குடியேறிய மரங்கள் நிறைந்த குன்று அது. இரண்டுக்கும் தனித்தனியாக டவுன்லோட் செய்து ஒப்பிட்டேன். எல்லா எண்களும் ஒன்றாகவே இருந்தன!

காரணம், இந்த மாடல் உலகைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. ஒரு கட்டம் பிரீடவுன் பக்கம் சுமார் 55 கி.மீ. உயரமும் 68 கி.மீ. அகலமும் உடையது. முழு நகரமும், பக்கத்துக் கிராமங்களும், கொஞ்சம் கடலும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. தகரக் கூரைக்குக் கீழே படுத்திருக்கும் குழந்தைக்கும் மேட்டு பங்களாவில் இருப்பவருக்கும் ஒரே வெப்பநிலை என்று பைல் சொல்கிறது. ஊர் மொத்தமாக எந்தத் திசையில் போகிறது என்பதற்கு இந்த எண் உதவும். எந்தத் தெருவுக்கு முதலில் நிழல் வேண்டும் என்று கேட்டால் இதனிடம் பதில் இல்லை.

அதற்கு லாண்ட்சாட் சாட்டிலைட் படங்கள் உதவும். 2008 முதல் இவை இலவசம். லாண்ட்சாட் 8ன் வெப்ப அளவியில் ஒரு புள்ளி 100 மீட்டர். ஆனால் இதிலும் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது காட்டுவது தரை, கூரை ஆகியவற்றின் மேற்பரப்புச் சூடு; நாம் மூச்சு விடும் காற்றின் சூடு அல்ல. அதோடு, பளபளப்பான தகரம் வெப்பக் கதிர்களைக் குறைவாகவே உமிழும். அதனால் புதுத் தகரக் கூரை, சாட்டிலைட்டின் கண்ணுக்கு உண்மையைவிடக் குளிர்ந்ததாகத் தெரியக்கூடும். உள்ளே இருப்பவர் வெந்துகொண்டிருப்பார். படத்தில் நீலமாக இருக்கும்.

ஆகவே கடைசியில் ஆள் போய்த் தெர்மாமீட்டர் வைத்தே ஆக வேண்டும். ஆப்பிரிக்காவில் டாமோ என்ற அமைப்பு, சிறிய தானியங்கி வானிலை நிலையங்களைப் பள்ளிக்கூட வளாகங்களில் நிறுவி வருகிறது. சகாராவுக்குத் தெற்கே 20,000 நிலையங்கள் என்பது அதன் இலக்கு. மாணவர்கள் பாடமும் படிக்கிறார்கள், நிலையத்துக்குக் காவலும் இருக்கிறது.

எண்ணிலிருந்து நிழல் வரை

இவ்வளவு தகவலையும் வைத்து ஒரு நகரம் என்ன செய்ய முடியும்? பிரீடவுனில் திறந்தவெளிச் சந்தைகளில் நாள் முழுவதும் அமர்ந்து காய்கறியும் மீனும் விற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வெயில் ஏறினால் சரக்கு வாடும், வாடிக்கையாளர் வரமாட்டார், அவர்களுக்கோ எழுந்து போக வழியில்லை. கார்க்போவின் முயற்சியில் 2022ல் மூன்று சந்தைகளில் நிழற்கூரைகள் போடப்பட்டன.

இன்னொன்று மரம். 2017 ஆகஸ்ட் 14ல் பிரீடவுனின் ரீஜெண்ட் பகுதியில் மலைச்சரிவு ஏற்பட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமல் போயினர். சரிவுகளில் மரங்களை வெட்டியதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2020ல் நகரம் 10 லட்சம் மரங்கள் என்ற இலக்குடன் நடவு தொடங்கியது. நடப்பட்ட மரங்களை மொபைல் ஆப் மூலம் போட்டோ எடுத்துப் பதிவு செய்தார்கள். வளர்ப்பவர்கள் மீண்டும் மீண்டும் போய்ப் பார்த்து, உயிரோடு இருக்கிறதா என்று பதிவு செய்ய வேண்டும். நட்ட மரத்தைவிடப் பிழைத்த மரத்தைத்தான் எண்ண வேண்டும் என்ற பாடத்தை அவர்கள் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

வெயிலுக்கு எதற்கு அதிகாரி என்று தொடக்கத்தில் கேட்டேன் அல்லவா? நாசாவின் கட்டம் ஒரு கதை சொல்கிறது, சாட்டிலைட் இன்னொரு கதை, மருத்துவமனைப் பதிவேடு மூன்றாவது கதை. மூன்றையும் ஒரே மேஜையில் வைத்து, "இந்தச் சந்தைக்கு முதலில் கூரை போடுங்கள்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். அதற்குத்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். இந்த வாரமே பைலை டவுன்லோட் செய்து மூன்று எண்களையும் எடுத்துப் பாருங்கள். பிறகு பமாகோவுக்கு (12.64, -8.00) இதே வேலையைச் செய்து இரண்டையும் ஒப்பிடுங்கள். மைனஸ் குறியை மட்டும் மறந்துவிடாதீர்கள்!